பதினோராம் நிமிடம்

பத்து நிமிடம் ஓடும்.
பதினோராவதில் இருமும்.
சோக்கை இழுத்தால் இரண்டு மூச்சு கூட.
பிறகு சேற்றின் நடுவே
நாலு சக்கரமும் புதைய நிற்கும்
என் நடவு வண்டி.

அரிச்சந்திரா நதியில்
முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.
ஆறு நாள் தலைஞாயிற்றுக்கு, ஆறு நாள் மேற்கே.
இன்று ஐந்து.
வரப்போரம் தட்டுத் தட்டாய்ப் பாய் நாற்று,
பதினெட்டு நாள் வயது.
இன்னும் நாலு நாள் போனால்
வேர் பின்னிக்கொண்டு
எந்திரத்தின் விரலுக்குப் பிரிந்து வராது.

லூர்துசாமி வயல் ஆறு மா.
நட்டது முக்கால்.
"ஆளை விட்டே நட்டிருக்கலாம்" என்றார்,
என்னைப் பார்த்து அல்ல,
ஒரு கொக்கைப் பார்த்து.

பிளக்கைக் கழற்றினேன்.
பொறி வருகிறது. முனை காய்ந்திருக்கிறது,
மோந்தால் வாசனையே இல்லை.
பட்டினி.

டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல்.
காக் திறந்துதான் இருக்கிறது.
ஃபில்டர் கிண்ணத்தில் ஒரு முத்துத் தண்ணீர், கொஞ்சம் துரு,
கொட்டினேன்.
டியூபை உறிஞ்சி ஊதியதில்
நாக்கில் ஏறிய பெட்ரோல்
மத்தியானச் சோற்றிலும் போகவில்லை.
கார்புரேட்டரை இறக்கி
மிதவையை ஆட்டி
ஊசியைத் துடைத்து
ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்தேன்.
கடுகில் கால்வாசி ஓட்டை,
அதற்குள் ஒரு மேகம் முழுசாகத் தெரிந்தது.
அடைப்பு இல்லை.

மாட்டினேன். சாவியைத் திருகினேன். ஓடியது.
பத்து நிமிடம்.

திருத்துறைப்பூண்டி வண்டியை ஓட்டுகிற
சுலைகாவுக்குப் போன் போட்டேன்.
கல்யாண வீட்டில் இருந்தாள், பின்னால் பாத்திரச் சத்தம்.
"நின்னதும் என்ன பண்றே?"
"டேங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாக்கறேன்."
"பாத்துட்டு?"
"மூடிட்டு ஸ்டார்ட் பண்றேன். ஓடுது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
தாளிச்சா போடட்டுமா என்று யாரோ அவளைக் கேட்டார்கள்.
"பாக்காம ஸ்டார்ட் பண்ணிப் பாரு, வேம்பு."
வைத்துவிட்டாள்.

அடுத்த முறை நின்றதும்
பார்க்காமல் திருகினேன்.
பேட்டரி சோர்கிற வரை திருகினேன். வரவில்லை.
அப்புறம் மூடியில் கை வைத்து
மெல்ல, மிக மெல்லத் திறந்தேன்.
உஸ்ஸென்று காற்று.
வெளியே அல்ல,
உள்ளே போயிற்று.

மூடியின் உச்சியில் ஒரு துளை உண்டாம்.
ஏழு வருஷம் இந்த இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு
இன்றைக்குத் தெரிகிறது.
அதன் மேல் புளியங்கொட்டை அளவில்
குளவி கட்டிய மண்வீடு.
கோடை முழுக்க ஷெட்டில் நின்றபோது கட்டியிருக்கும்.
சேற்று வண்டியில் இன்னொரு சேற்றுத் துளி என்று
என் கை அதைத் தாண்டித் தாண்டியே
திருகி வந்திருக்கிறது.

டேங்கை விட்டு இறங்கும் ஒவ்வொரு சொட்டும்
தன் இடத்துக்குக் காற்றைக் கேட்கிறது.
கிடைக்காவிட்டால்
பத்து நிமிடம் கடனில் ஓடி
பிறகு உள்ளேயே பிடித்துக்கொள்கிறது.
நான் பெட்ரோல் போகும் வழியெல்லாம் தேடினேன்.
காற்று வரும் வழி ஒன்று இருப்பதே
நினைப்பில் இல்லை.

வளையலில் கோர்த்திருந்த ஊக்கால் பெயர்த்தேன்.
மண்ணோடு விழுந்தது
மயங்கிய பச்சைப் புழு ஒன்று,
பிறக்காத குளவிக்கு வைத்த சோறு.
தண்ணீரில் அது தொட்ட இடத்தில்
கொக்கின் அலகு தயாராக இருந்தது.

சாவி. புகை. முதல் வரிசை, இரண்டாவது.
பத்தாம் நிமிடத்தில்
கியரில் வைத்த கை வியர்த்தது.
பதினொன்றில்
மூச்சை நான்தான் பிடித்திருந்தேன்.
பன்னிரண்டு.
லூர்துசாமி அடுத்த தட்டைத் தூக்கிக் கொடுத்தார்.
இந்தத் தடவை கொக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டும்போது நாலேகால் மா.
மூடியைத் துணியால் துடைத்து
துளை மேல் விரல் வைத்துப் பார்த்தேன்.
மிச்சம் நாளைக்கு.
நாளை ஆறு.